ஒற்றைத் தையல்

பழைய கறுப்புச் சட்டை வாங்கும்போது கண்ணை நம்பக்கூடாது. கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, காதுப் பக்கம் கொண்டுபோய், மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல துணி சத்தம் போடாது. போன துணி ‘மொறுக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் துண்டு கையோடு வந்துவிடும். அந்தக் காலத்து டி-சட்டைகள் பலவற்றுக்குக் கந்தகச் சாயத்தில்தான் கறுப்பு ஏற்றினார்கள். அது ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் அமிலமாகிப் பருத்தி நூலை அரித்துவிடும். வெளியே மண்டையோடும் மின்னலும் பளிச்சென்று இருக்கும், உள்ளே துணிக்கு உயிர் இருக்காது. ஜோகூரில் என் ஊரான கோத்தா திங்கி ஆற்றங்கரை ஊர். இங்கே ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இந்தச் சத்தம் காதில் ஏறாதவன் இங்கே பண்டல் கடை நடத்த முடியாது.

பண்டல் என்றால் மலேசியாவில் யாருக்கும் விளக்க வேண்டாம். வெளிநாட்டில் உடுத்திக் கழித்த துணியை பேல் பேலாக அமுக்கிக் கட்டிக் கப்பலில் அனுப்புவார்கள். தவுக்கேயிடம் பேல் எடுத்து, உடைத்து, பிரித்து, கொதிநீரில் போட்டு நாற்றம் போக்கி, தொங்கவிட்டு விற்பது என் தொழில். என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க முடியாது. இரும்புப் பட்டையை வெட்டிய பிறகுதான் தெரியும். ஒரு பேல் முழுக்கக் குழந்தைச் சட்டையாக இருந்து தலையில் கை வைத்த நாளும் உண்டு. நடுவில் ஒரே ஒரு சட்டை கிடைத்து, அது மொத்தப் பேலுக்கும் காசு கொடுத்த நாளும் உண்டு.

அந்த ஒரே சட்டை, அநேகமாக, ஒரு ராக் குழுவின் சட்டையாகத்தான் இருக்கும். ராமோன்ஸ், கிளாஷ், அயர்ன் மேய்டன், மோட்டார்ஹெட், நிர்வாணா. தேடி வருகிற பையன்களில் மலாய்க்காரர், சீனர், நம் பிள்ளைகள் என்று எல்லாரும் இருப்பார்கள். எல்லாருக்கும் நான் அங்கிள். அவர்களில் பாதிப் பேர் பிறக்கும்போது அந்தக் குழுக்களில் சில கலைந்துவிட்டிருந்தன.

ஆரம்பத்தில் எனக்கும் அந்தச் சட்டைகளின் அருமை தெரியாது. நான் தோட்டத்தில் பிறந்தவன். கித்தா என்னும் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலத்தில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தார்ப்பாய் விரித்துத் தொழிலைத் தொடங்கினேன். முதல் வாடிக்கையாளர்கள் தோட்டத்து ஆட்கள்தான். பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர் புதுச் சட்டை போட மாட்டார். பால் கறை பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் அப்படித்தான், முள்ளுக்கும் மட்டைக்கும் நல்ல துணி எதற்கு? அவர்கள் துணியின் கனத்தைப் பார்ப்பார்கள், கழுத்து இறுக்குமா என்று பார்ப்பார்கள். படத்தைப் பார்க்க மாட்டார்கள். இன்று கோலாலம்பூரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கவிடுகிற சட்டைகளைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் இந்த வட்டாரத்தில் குலை தூக்கியிருக்கிறார்கள். நான்தான் விற்றேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. காட்டு வேலைக்கு அவை நன்றாக உழைத்தன.

ஒரு தடவை மரம் வெட்டுகிற அக்கா ஒருவர் ரோலிங் ஸ்டோன்ஸ் சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இது காளியாத்தா நாக்கு மாதிரி இருக்கே, இதைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போலாமா?” என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். வெகு நாள் கழித்துத்தான் விவரம் படித்தேன். 1970-இல் ஜான் பாஷ் என்ற ஓவிய மாணவரிடம் அந்தச் சின்னத்தைக் கேட்ட மிக் ஜாகர் மாதிரிக்குக் காட்டியதே காளியின் படம்தான். வரைந்தவருக்குக் கிடைத்த கூலி 50 பவுன். மூலப் படத்தை 2008-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் பெரிய தொகைக்கு வாங்கி வைத்துக்கொண்டது. ராக் இசையின் பெயரே கேட்டிராத அக்கா ஒரே பார்வையில் மூலத்துக்குப் போய்விட்டார். அவரிடம் இரண்டு வெள்ளி வாங்கினேன்.

பிறகு ஜோகூர் பாருவிலிருந்து வரும் பையன்கள் குவியலைக் கிளறத் தொடங்கினார்கள். லார்கின் பக்கம் பண்டல் கடைகள் பெருகி அங்கே போட்டி அதிகமானதும், சின்ன ஊர்க் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அவர்கள் சட்டையை எடுத்ததும் படத்தைப் பார்க்கவில்லை. கைமடிப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். தொழிலின் பாதியை அவர்கள் விரலைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

கைமடிப்பிலும் கீழ் மடிப்பிலும் ஒற்றை வரித் தையல் ஓடினால் சட்டை பெரும்பாலும் 90-களின் நடுப்பகுதிக்கு முந்தியது. அதற்குப் பிறகு தொழிற்சாலைகள் இரட்டை ஊசி இயந்திரத்துக்கு மாறிவிட்டன. அடுத்தது கழுத்துப் பட்டி: புரோக்கம், ஜயண்ட், ஸ்கிரீன் ஸ்டார்ஸ், ஹேன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. எழுத்தின் வடிவம் மாறியிருந்தால் ஆண்டும் மாறும். பிறகு படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் உள்ள உரிமை வரி. அந்த ஆண்டு படத்துக்கு உரிமை வாங்கிய ஆண்டு. சட்டை அடித்த ஆண்டாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே படத்தை அதே ஆண்டைப் போட்டுப் பிறகும் அடித்திருக்கிறார்கள். ஆகவே மூன்று சாட்சிகளும் ஒத்துப்போக வேண்டும். சில பேர் நூலைக் கொளுத்திப் பார்ப்பார்கள். சாம்பலானால் பருத்தி, உருண்டால் பாலியஸ்டர், பாலியஸ்டர் என்றால் போலி என்று தீர்ப்புச் சொல்வார்கள். அது அரைகுறைச் சோதனை. அமெரிக்காவிலேயே பாலியஸ்டர் நூலில் தைத்த அசல் சட்டைகளைப் பார்த்திருக்கிறேன். தாய்லாந்தில் அடிக்கிற நகல்கள் வேறு கதை. அவர்கள் படத்தை அசலைவிட அழகாக அடிப்பார்கள், ஒற்றைத் தையலும் போடுவார்கள். அவற்றை மையின் கனத்தில்தான் பிடிக்க வேண்டும். பழைய மை துணியோடு சேர்ந்து தேய்ந்து வெடித்திருக்கும். நகலில் வெடிப்பையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். விரலை ஓட்டினால் மேடு பள்ளம் இருக்காது.

இந்தச் சட்டைகள் எப்படி இத்தனை ஆண்டு பிழைத்தன? அமெரிக்காவில் ஒருவன் கச்சேரிக்குப் போகிறான், வாசலில் சட்டை வாங்குகிறான், நாலு தடவை போட்டுவிட்டு அலமாரியில் வைக்கிறான். கல்யாணம் ஆகிறது, உடம்பு பெருக்கிறது, மனைவி பெட்டியில் போட்டு தர்மக் கடைக்குக் கொடுக்கிறார். அல்லது ஜப்பான்காரர் ஒருவர் பழைய அமெரிக்கச் சட்டை மோகத்தில் வாங்கிச் சேர்த்து, அவரும் ஒருநாள் கழிக்கிறார். எனக்கு நல்ல சரக்கு ஜப்பான் பேலில்தான் வந்தது. அதாவது, என் பிழைப்பு யாரோ ஒருவர் விட்டுவிட்ட விருப்பத்தில் நடக்கிறது. இன்னும் விடாமல் வைத்திருக்கிறவரின் சட்டை பேலுக்கு வராது.

நம் ஊர்க் குழுக்களை நினைத்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. செர்ச் குழு 1981-இல் ஜோகூர் பாருவில் உருவானது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். 1985-இல் முதல் இசைத்தொகுப்பு. 1989-இல் வந்த ‘இசபெல்லா’ மலேசியாவைத் தாண்டி இந்தோனேசியாவையும் ஆட்டிவைத்தது. விங்ஸ் குழு கோலாலம்பூர்க்காரர்கள். அந்தக் காலத்தில் கோத்தா திங்கியில் ஃபெல்டா நிலக்குடியேற்றப் பையன்களும் தோட்டத்து லயத்துப் பையன்களும் சண்டை போடாமல் ஒத்துப்போனது இரண்டு விஷயத்தில்: காற்பந்து, அதற்கடுத்து செர்ச் பாடகர் எமியின் குரல். தமிழ்ப் பள்ளியில் படித்த எங்களுக்கு மலாய் உச்சரிப்பு சரியாக வந்ததே அந்தப் பாட்டுகளால்தான் என்று நான் சொல்வதுண்டு. வீட்டில் இளையராஜா, வெளியில் செர்ச். இரண்டுக்கும் ஒரே கேசட் பெட்டி.

இவ்வளவு பேர் இவ்வளவு உயிராக நேசித்த குழுவின் அந்தக் காலத்துச் சட்டை எதுவும் எந்தப் பேலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வராதுதான். எங்கள் ஆட்களின் சட்டை கடல் தாண்டிப் போகவில்லையே. பாசார் மாலாமில் யாரோ மெல்லிய துணியில் அடித்து விற்ற சட்டை அது. வாரத்தில் நாலு நாள் போட்டார்கள். கழுத்து தொங்கியதும் தூங்கப் போட்டார்கள். அக்குள் கிழிந்ததும் மீன் பிடிக்கப் போட்டார்கள். கடைசியில் லாரிப் பட்டறையில் எண்ணெய் துடைத்தது. எங்கள் அண்ணனின் செர்ச் சட்டையின் முடிவு அதுதான், எனக்குத் தெரியும். அலமாரியில் வைத்துப் பூட்டுகிற அளவுக்கு யாரிடமும் இரண்டாவது சட்டை இல்லை. இன்று பழஞ்சட்டைச் சந்தையில் அமெரிக்கக் குழுவுக்கு ஆயிரக்கணக்கில் விலை போகும்போது, ‘நம் குழுக்களுக்கு அவ்வளவு ரசிகர்கள் இல்லை’ என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டே தீர்த்துவிட்டோம் தம்பி, அதனால்தான் இல்லை என்றேன்.

பான்க் ரசிகர்கள் தனி இனம். அவர்களை எனக்குப் பிடிக்கும், அவர்களால் வருமானம் இல்லை என்றாலும். வெறும் கறுப்புச் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், பழைய பட்டாளத்து பூட்ஸ், அவ்வளவுதான் வாங்குவார்கள். குழுவின் பெயரை அவர்களே வெள்ளைச் சாயத்தில் எழுதிக்கொள்வார்கள். துண்டுத் துணியில் அச்சடித்துப் பல் விளக்கும் நூலால் முதுகில் தைப்பார்கள். அந்த நூல் அறவே அறாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். 1991-இல் தொடங்கிய கார்புரேட்டர் டங் குழுவின் பெயரை அப்படி முதுகில் சுமந்து வந்த பையன் ஒருவனிடம், அந்தக் குழுவின் ஜோ கிட் பத்திரிகையிலும் எழுதுகிறவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். லண்டனில் பான்க் தொடங்கியபோது கிழிந்த சட்டையைக் கிங்ஸ் சாலைக் கடையில் விவியன் வெஸ்ட்வுட் நல்ல விலைக்குத்தான் விற்றார். எங்கள் பையன்கள் அதை இலவசமாகவே கிழித்துக்கொண்டார்கள். 2015 ஆகஸ்டில் அம்பாங்கில் ருமா ஆப்பி என்ற அவர்களுடைய இசைக்கூடத்தில் போலீஸ் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போனது. அந்த வாரம் என் கடைக்கு வந்தவர்களின் முகத்தில் பழைய கலகலப்பு இல்லை.

சட்டைக்கும் முடிக்கும் பயப்படுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1972-இல் லெட் செப்பலின் குழு பாட வந்தபோது, முடி நீளம் என்று சிங்கப்பூர் உள்ளேயே விடவில்லை. கச்சேரி நடக்கவில்லை. அதற்குச் சரியாக இருபது ஆண்டு கழித்து இந்தப் பக்கம், மலேசியத் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீண்ட முடி ராக்கர்களுக்கு அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம்மில் இடமில்லை என்றார். எமியும் விங்ஸின் அவியும் நாடே பார்க்க முடி வெட்டிக்கொண்டார்கள். அன்றைக்குத் தேநீர்க் கடையில் பெரியவர்கள் கை தட்டினார்கள். எங்கள் வயசுப் பையன்களில் ஒருவனும் பேசவில்லை. 2001-இல் பிளாக் மெட்டல் கேட்பது சாத்தான் வழிபாடு என்ற பிரச்சினை கெடாவில் கிளம்பி நாடெங்கும் சோதனை என்று பேச்சு வந்தபோது, நான் மண்டையோட்டுச் சட்டைகளை எல்லாம் உள்வெளியாகத் திருப்பித் தொங்கவிட்டேன். வாங்குகிறவன் உள்ளே கையை விட்டு மையைத் தடவிப் பார்த்தே எந்தக் குழு என்று சொன்னான். ரசிகன் என்றால் அப்படி.

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது சிங்கப்பூர் ருத்ரா குழுவை நினைத்து. நம் பிள்ளைகள், 1992-இல் தொடங்கிய குழு. வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகத்தையும் டெத் மெட்டலில் கத்திப் பாடுவார்கள். சாத்தான் இசை என்று பயப்படுகிறவரிடம் பகவத் கீதை என்று சொன்னால் எந்தப் பெட்டியில் போடுவார்?

2006 டிசம்பரில் வெள்ளம் வந்தது. ஜோகூர் ஆறு ஊருக்குள் ஏறிக் கடைத்தெருவை மூழ்கடித்தது. வழித்து, கழுவி, மூச்சு விடுவதற்குள் 2007 ஜனவரியில் மறுபடி, முன்னைவிட உயரமாக. ஜோகூரில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். என் சரக்கு முழுக்கச் சேறு. ஆனால் பருத்தி பிழைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் அலசி அலசி, சோடா உப்பில் ஊறப்போட்டு, வெயில் வந்ததும் கம்பி கம்பியாகக் காயப்போட்டேன். கந்தகச் சாயக் கறுப்புச் சட்டைகளில் சோடா உப்பு அமிலத்தை முறிக்கும், ஆனால் ஏற்கெனவே அரித்துப்போன துணிக்கு உயிர் திரும்பாது.

போனது கேசட்டுகள். ஊரில் வீட்டுக்கு வீடு அட்டைப் பெட்டி நிறைய கேசட்டுகள் இருந்தன, எல்லாமே சேற்றுக்குள். துணியை மீட்கிறவன் இதையும் மீட்பான் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொட்டினார்கள். பெரும்பாலோர் அதற்குள் வெயிலில் காயவைத்துவிட்டிருந்தார்கள். சேறு காய்ந்தால் நாடா சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரித்தால் பழுப்புப் பூச்சு உரிந்துவரும். பாட்டு இருப்பது அந்தப் பூச்சில்தான். ஈரமாகவே கொண்டுவந்தவற்றைச் சுத்தமான தண்ணீரில் அலசி, திருகாணி போட்ட கூடாக இருந்தால் திறந்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினேன். ஒட்டிய கூடாக இருந்தால் உடைக்க வேண்டும். ரேடியோ பழுது பார்க்கும் நண்பர் ஒருவரும் நானும் இரவு இரவாக உட்கார்ந்தோம். ஃபெல்டாவில் இருந்து ஒரு மலாய்க்கார லாரி ஓட்டுநர் கேட்டது ‘இசபெல்லா’ இருக்கிற செர்ச் கேசட்டை மட்டும்தான். அந்தப் பாட்டு வரை நாடா ஓடியது, அதற்கப்புறம் இரைச்சல். போதும் என்று எடுத்துக்கொண்டு போனார்.

தமிழர் வீடுகளிலிருந்து வந்த பெட்டிகளில் எம்ஜிஆர் பாட்டுக்கும் இளையராஜாவுக்கும் நடுவில் தவறாமல் இருந்தது அலிகேட்ஸ். பினாங்கு ஆறுமுகம் குடும்பத்து டேவிட்டும் லோகநாதனும், பெரிய சுருட்டை முடியோடு மலாயில் பாடி, மலாய்க்காரர் கல்யாண வீடுகளிலெல்லாம் ஒலித்தவர்கள். அவர்களை ராக் குழு என்று சொன்னால் என் பையன்கள் அடிக்க வருவார்கள், பாப் என்பார்கள். எனக்கு அந்த வேலி தெரியாது. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கிட்டாரைத் தூக்க வேண்டும் என்று நினைத்தால், அவன் பார்த்து நினைத்தது அந்த இரண்டு பேரைத்தான். அதே 2007 ஜூனில் லோகா இறந்துபோனார். வெள்ளத்தில் மீட்ட அலிகேட்ஸ் கேசட்டை அன்று கடையில் போட்டேன். சீன தவுக்கே பணம் வசூலிக்க வந்தவர், முழுப் பாட்டும் முடிகிற வரை பணத்தைக் கேட்கவில்லை.

பாட்டே கேட்காமல் சட்டை போடுகிறார்கள் என்று பழைய ரசிகர்கள் இப்போது என்னிடம் குறைப்படுகிறார்கள். ராமோன்ஸ் சட்டைதான் அவர்களுக்குப் பெரிய உறுத்தல். அந்த வட்டச் சின்னம் பேரங்காடியில் குழந்தைச் சட்டையில்கூட வருகிறது. அதை வரைந்தவர் அர்த்துரோ வேகா, அமெரிக்க அதிபரின் முத்திரையை எடுத்துக் கழுகின் காலில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்தவர். கச்சேரிகளில் அவரே நின்று சட்டை விற்றார். அந்தக் குழு பாட்டுத்தட்டைவிடச் சட்டையில்தான் அதிகம் சம்பாதித்தது என்று சொல்வார்கள். தொடங்கிய நான்கு பேரும் இன்று இல்லை, கடைசியாக டாமி 2014-இல் போனார். சட்டை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் என்ன குறை? நானே சட்டை வழியாகப் பாட்டுக்குப் போனவன்.

ஜாய் டிவிஷன் குழுவின் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடுகள் மலைமலையாக எழும்பி நிற்குமே, அதை எடுத்து ஒரு பையன், “அங்கிள், இது முந்தாஹாக் மலையா?” என்றான். எங்கள் ஊர் நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழியில் அந்த மலையைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், அவனைக் குறை சொல்ல முடியாது. அது 1967-இல் முதன்முதலாகக் கண்டுபிடித்த துடிக்கும் விண்மீனின் ரேடியோ அலை, 1979 இசைத்தொகுப்பின் அட்டைக்குப் பீட்டர் சாவில் அதை எடுத்துப் போட்டார் என்றேன். பாடகன் மறு ஆண்டே இறந்துபோனதையும் சொன்னேன். அடுத்த வாரம் வந்தான். சட்டையைப் பற்றிப் பேசவில்லை, பாஸ் கிட்டார் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டான்.

பேல்களில் சரக்கு இப்போது மாறிவிட்டது. உடைத்தால் ஒரு பருவத்துக்கு மட்டும் தைத்த பாலியஸ்டர் துணியே கொட்டுகிறது. 90-களின் சட்டை வருவது அபூர்வம். வந்தாலும் பெரிய கிடங்குகளில் முன்கூட்டியே பொறுக்கிவிடுகிறார்கள். கிரீன் டேயின் ‘அமெரிக்கன் இடியட்’ 2004-இல் வந்தது, அந்தச் சட்டையைப் பழங்காலச் சட்டை என்று கூவி விற்கிறார்கள், இரட்டைத் தையலோடு. என் அக்கா மகள் இரவில் கைப்பேசியை நிறுத்திவைத்து நேரலையில் விற்கிறாள். கைமடிப்பைத் திருப்பிக் காட்டுவதை அவள் மறப்பதில்லை.

செர்ச்சும் விங்ஸும் மேடை ஏறினால் இன்றும் கூட்டம் கூடுகிறது. வாசலில் நல்ல துணியில் சட்டை விற்கிறார்கள். பையன்கள் இரண்டாக வாங்குகிறார்கள், ஒன்று போட, ஒன்று வைக்க. போன மாதம் ஒருவன் பணத்தோடு வந்து, கச்சேரியில் தீர்ந்துவிட்டது, யாராவது போட்டுக் கழித்த செர்ச் சட்டை இருந்தாலும் பரவாயில்லை என்றான். இதுவரை ஒருவரும் கொண்டுவந்து போடவில்லை என்றேன். குவியலைக் கிளறி ஒரு ராமோன்ஸ் சட்டையை எடுத்தான். முப்பது என்றேன், பதினைந்து என்றான். தம்பி, அது தாய்லாந்து நகல், முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“தெரியும் அங்கிள், மையைத் தடவிப் பார்த்துட்டேன். அதனாலதான் பதினஞ்சு.”